காசு தீராத பாட்டு

என் அக்கா பையனுக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது விடியும். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் எவனுடைய கம்ப்யூட்டராவது மக்கர் பண்ணினால், இங்கே இவன் கண் விழித்துச் சரி பண்ண வேண்டும். காதில் எப்போதும் ஹெட்போன். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் குரல் கொடுத்துப் பிரயோஜனமில்லை. தோளில் தட்ட வேண்டும்.

போன வாரம் அக்கா வீட்டில் தங்கினேன். தூக்கம் வராமல் அவன் அறைக்குள் எட்டிப் பார்த்து, “அப்படி என்னதான்டா கேக்கறே, ராத்திரி பூரா?” என்றேன்.

“நீங்களே கேளுங்க மாமா” என்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டான்.

முதலில் ஒன்றுமே இல்லை. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அப்புறம் ஓர் எலெக்ட்ரிக் கிடார், ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அது முழுசாக அடங்குகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு இன்னொரு தந்தி. அடியில் கனமாக நாலு ஸ்வரம், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, கோயில் யானை மாதிரி நடந்து வந்தது. எனக்குத் தூக்கமும் வரவில்லை, பக்தியும் வரவில்லை. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. என் வலது கை தானாகப் பாக்கெட்டில் சில்லறை தேட ஆரம்பித்தது. வேஷ்டிக்குப் பாக்கெட் கிடையாது என்பதுகூட அதற்கு உறைக்கவில்லை.

“என்ன மாமா தேடறீங்க?”

“டேய், இது... இது ஸ்பேஸ் இன்வேடர்ஸ்டா!”

“கண்டுபிடிச்சுட்டீங்களே!”

கண்டுபிடிக்காமல்? எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மூன்றே மூன்று மிஷின். டோக்கன் ஒரு ரூபாய். எனக்கு வாரத்துக்கு ஒரு டோக்கன்தான் பட்ஜெட். அதை மூன்று நிமிஷத்தில் தொலைத்துவிட்டு, பாக்கிச் சாயங்காலம் பூரா அடுத்தவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே நான் ஆடியதைவிட நின்று கேட்டதுதான் அதிகம்.

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து நல்ல மெலடி ஒன்றைப் பிடித்து, வேகத்தைக் கூட்டி, நடுவில் நாலு ‘யோ யோ’ சேர்த்து, பாடியவர் அடையாளம் தெரியாமல் பண்ணுவது. இது நேர் எதிர். காசு போட்டு ஆடின பழைய மிஷின்களின் படபட சங்கீதத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, கிடாரையும் டிரம்ஸையும் வைத்து, ஏகாந்தமாக வாசிக்கிறார்கள். ‘ஆம்பியன்ட் ராக்’ என்று பெயர். கம்பெனிக்காரர்கள் யாரும் செய்யச் சொல்லவில்லை. பகலில் வேறு உத்தியோகம் பார்க்கிற ரசிகர்கள், ராத்திரியில் சொந்தச் செலவில் செய்கிறார்கள்.

எதற்கு என்பதுதான் கேள்வி. அதற்கு 1978க்குப் போக வேண்டும்.

*

ஜப்பானில் டைட்டோ கம்பெனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ என்பவர் செய்த விளையாட்டு ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, ஆக மொத்தம் 55 விண்வெளிப் பிராணிகள். வலப்புறம் போய், இடப்புறம் வந்து, படிப்படியாகக் கீழே இறங்கும். கீழே நீங்கள், ஒற்றைப் பீரங்கியுடன். அவை தரைக்கு வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் க்ளோஸ்.

பின்னணியில் அந்த நாலே நாலு ஸ்வரம்தான். டும்... டும்... டும்... டும். பிராணிகள் குறையக் குறைய இது வேகமாகும். கடைசிப் பிராணி மிச்சமிருக்கும்போது, மிஷினின் துடிப்பு எது, உங்கள் நெஞ்சின் துடிப்பு எது என்று தெரியாது.

அந்தப் பிராணிகள் வேகமெடுத்ததன் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. மிஷினுக்குள் இருந்தது இன்டெல் 8080 சிப். 55 பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்த அதற்குத் தெம்பு கிடையாது. விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரே ஒரு பிராணியைத்தான் நகர்த்தும். ஆக, கூட்டம் முழுவதும் ஓர் அடி வைக்கக் கிட்டத்தட்ட ஒரு விநாடி. பத்துப் பேர்தான் பாக்கி என்றால் அதே அடிக்கு ஆறில் ஒரு பங்கு விநாடி போதும். ஆள் குறைந்தால் வேகம் கூடும். நிஷிகாடோ கவனித்தார். கணக்குப்படி பார்த்தால் இது சிப்பின் பலவீனம். ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். (நம் ஆபீஸ்களில் ஆள் குறைந்தால் என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

அந்தப் பிராணிகளோடு சங்கீதமும் சேர்ந்து ஓடியது. அதன் உத்தியோகமே ஆளை அவசரப்படுத்துவதுதான். அவசரப்பட்டால் கை தடுமாறும். தடுமாறினால் ஆட்டம் முடியும். முடிந்தால் அடுத்த காசு. உலகத்திலேயே கேட்கிறவனைச் சீக்கிரம் வெளியே அனுப்புவதற்காக இசைக்கப்பட்ட சங்கீதம் அநேகமாக இதுதான்.

*

அதே 1978ல் ப்ரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’. விமான நிலையத்தில் காத்திருப்பவர்களின் மனம் அமைதியாக இருக்கட்டும் என்று செய்த இசை. தட்டின் மேல் ‘ஆம்பியன்ட் 1’ என்று அச்சிட்டார். அப்படித்தான் இந்த வகைக்குப் பெயர் வந்தது. உற்றுக் கேட்டாலும் சரி, கேட்காமல் உங்கள் வேலையைப் பார்த்தாலும் சரி, கோபித்துக்கொள்ளாத சங்கீதம்.

இந்த யோசனை அவருக்குக் கிடைத்த விதம் சுவாரஸ்யமானது. 1975ல் லண்டனில் டாக்ஸி மோதிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி, பழைய காலத்து ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எப்படியோ எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்தபிறகுதான் தெரிந்தது, சத்தம் ரொம்பக் குறைவு என்று. மறுபடி எழுந்திருக்கத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே ஹார்ப் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது. படுத்தபடியே கேட்டவருக்கு, இப்படியும் சங்கீதம் இருக்கலாமே என்று தோன்றியது. ரிமோட் இருந்திருந்தால் ஆம்பியன்ட் இசை இருந்திருக்காது.

‘யாரய்யா இந்த ஈனோ? கேள்விப்பட்டதே இல்லையே’ என்கிறீர்களா? விண்டோஸ் 95 போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் பண்ணியவுடன், பூ மலர்கிற மாதிரி சில விநாடி ஒரு சத்தம் வருமே, அது அவர் செய்தது. அதற்காக 84 துண்டுகள் செய்து பார்த்தாராம். நம்மில் பலபேர் அதைக் கேட்டுக்கொண்டே கேன்டீனுக்குக் காபி குடிக்கப் போயிருக்கிறோம். அவருக்கு அதில் வருத்தம் இருக்காது. ஆம்பியன்ட் இசையின் லட்சியமே அதுதானே.

ஆக ஒரே வருஷத்தில் இரண்டு சங்கீதம். ஒன்று இதயத்தை ஓட வைப்பதற்கு, மற்றது உட்கார வைப்பதற்கு. ரசிகர்கள் இந்த இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

*

கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் பெண்ணிடம் ஏதாவது லட்சணம் இருக்க வேண்டுமே? அந்தக் காலத்து மிஷின் மெட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1980ல் வந்த பேக்-மேன் மிஷினில் ஒரே சமயத்தில் மூன்று ஓசைதான் எழும்பும். பாட்டு, தின்கிற சத்தம், பேய்கள் துரத்துகிற சத்தம் எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். ஒண்டுக் குடித்தனம் மாதிரி. இடம் இல்லாததால் இசையமைத்தவர்கள் அலங்காரத்தை விட்டு மெட்டில் கவனம் வைத்தார்கள். எலும்பு உறுதியாக அமைந்தது. சதை போட்டுக்கொள்ள இன்றைக்கு முடிகிறது.

1982ல் நாம்கோ கம்பெனியின் ‘டிக் டக்’. பூமியைத் தோண்டிக்கொண்டு போகிற ஆசாமி. அவன் நடக்கிற சத்தம் வேண்டும் என்று யூரிகோ கெய்னோ என்ற பெண்மணியிடம் சொன்னார்கள். காலடி ஓசை சரியாக அமையவில்லை. அதற்குப் பதில் ஒரு குட்டி மெட்டுப் போட்டுக் கொடுத்தார். அவன் நடந்தால் மெட்டு வரும், நின்றால் மெட்டும் நின்றுவிடும். கம்பெனிப் பணம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். அற்புதமான யோசனை. ஆடுகிறவனே தாளக்காரன் ஆகிவிடுகிறான்.

1986ல் செகாவின் ‘அவுட் ரன்’. சிவப்புக் கார், கடற்கரைச் சாலை. ஓட்ட ஆரம்பிக்கும் முன் ரேடியோவில் மூன்று பாட்டில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இசை ஹிரோஷி கவாகுச்சி. மனிதர் அந்தக் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தவர். பாட்டுப் போடத் தெரியும் என்று தெரிந்து இழுத்து விட்டார்கள். ஆட்டம் முடிந்து ஸ்கோர் பட்டியலில் பெயர் எழுதும்போது ‘லாஸ்ட் வேவ்’ என்று மெதுவாக ஒன்று வரும். சாயங்காலக் கடற்கரையில் எல்லோரும் எழுந்து போனபிறகு தனியாக உட்கார்ந்திருக்கிற உணர்ச்சி. ஈனோவுக்குச் சொந்தக்காரர் யாரோ உள்ளே உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும். எங்கள் கடையில் இதைக் கேட்டிருக்க வழியில்லை. பட்டியலில் இடம் பிடிக்கிற அளவுக்கு ஓட்டியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பிரசாதம் அது.

விஷயமே இதுதான். இந்தப் பாட்டுகளை யாரும் முழுசாகக் கேட்டதே கிடையாது. பத்து மிஷின் ஒரே சமயத்தில் அலறுகிற இடம். கையில் ஒரு காசு. மூன்று நிமிஷம். ஐந்தாவது கட்டத்தில் ஓர் அழகான மெட்டு இருந்தால் அது ஐந்தாவது கட்டம் வரை போக வசதியுள்ளவனுக்குத்தான்.

*

விளையாட்டுச் சத்தத்தைத் தட்டுக்குக் கொண்டுவந்ததில் ரசிகர்களுக்கு முன்னோடிகள் பெரிய வித்வான்கள். ஜப்பானின் யெல்லோ மாஜிக் ஆர்கெஸ்ட்ரா, 1978ல் வந்த தன் முதல் ஆல்பத்திலேயே வீடியோ கேம் சத்தங்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் குழுவின் ஹருவோமி ஹோசோனோ 1984ல் நாம்கோ விளையாட்டுகளின் இசையை மட்டுமே வைத்து ‘வீடியோ கேம் மியூசிக்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். பிறகு கம்பெனிகளே ஆரம்பித்துவிட்டன. செகாவின் ஊழியர்கள் எஸ்.எஸ்.டி. பேண்ட் என்று மேடையேறிக் கிடார் வாசித்தார்கள். டைட்டோவுக்கு சுன்டாட்டா என்ற குழு. ஆபீஸ் ஆண்டு விழாவில் மேனேஜர் பாடுவதற்கு அப்ளாஸ் தட்டியே பழகிய நமக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

ரசிகர்கள் கைக்கு இது வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். 1997ல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா ‘மேம்’ என்ற புரோகிராமை வெளியிட்டார். செத்துக்கொண்டிருந்த பழைய மிஷின்களின் சிப்களில் இருந்ததைப் படித்து, சாதாரண கம்ப்யூட்டரை அந்த மிஷினாகவே நடிக்க வைக்கிற வித்தை. காசு போடுகிற துவாரம்கூட உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் போதும், காசு விழுந்ததாகக் கணக்கு. எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம்! முதல் தடவையாகப் பாட்டுகள் கடைசி வரை கேட்டன.

இதை எப்படி ஆம்பியன்ட் ஆக்குகிறார்கள்? மட்டமான வழி, அப்படியே இழுப்பது. டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் பாடகி பாடகராகிவிடுவாரே, அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. ருமேனியாக்காரர் ஒருவர் எழுதிய ‘பால்ஸ்ட்ரெச்’ என்ற இலவச சாஃப்ட்வேர், ஸ்ருதி கெடாமல் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் இழுத்துக் கொடுக்கும். 2010ல் இதை வைத்து ஜஸ்டின் பீபர் பாட்டு ஒன்றை 8 மடங்கு இழுத்தார்கள். கேட்டவர்கள் ஏதோ சர்ச்சில் வாசிக்கிற இசை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கஷ்டமான வழி, மெட்டைப் பிரித்து எடுத்துத் தன் கையால் மறுபடி வாசிப்பது. ராபர்ட் ஃப்ரிப் என்ற கிடார் வித்வானும் ஈனோவும் 1973ல் வந்த தட்டில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டேப் ரிக்கார்டர். ஒரே டேப் இரண்டிலும் ஓடும். முதலாவது பதிவு செய்யும். சில விநாடி கழித்து இரண்டாவது அதை ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதலாவதுக்கே போகும். ஒற்றைக் கிடார் தன் எதிரொலியோடு தானே கச்சேரி செய்யும். இன்றைக்கு அந்த வேலைக்குக் காலால் அமுக்குகிற சின்னப் பெட்டி ஒன்று போதும். அதை வைத்துக்கொண்டு, எட்டு விநாடி மெட்டை எட்டு நிமிஷத்துக்கு விரிக்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், துக்கடாவை எடுத்து ஆலாபனை பண்ணுவது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதில் குப்பை நிறைய. பாத்ரூமில் பாடினால் எல்லோருக்கும் கம்பீரக் குரல் என்பது போல, எதிரொலியைக் கூட்டி மழைச் சத்தத்தைப் போட்டால் எல்லாமே தத்துவமாகிவிடும். நல்ல ரீமிக்ஸுக்கு ஒரே ஒரு பரீட்சைதான். கண்ணை மூடினால் பழைய மிஷின் அந்த மழைக்குப் பின்னால் இன்னும் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாக்கெட்டுக்குக் கை போக வேண்டும்.

*

“சரிடா, பாட்டுக்குச் சொந்தக்காரங்க கிட்ட அனுமதி வாங்கறாங்களா?” என்று கேட்டேன். வயசானால் இந்தக் கேள்வி தானாக வரும்.

“பெரும்பாலும் இல்ல மாமா. காசு வாங்காம பண்றதால கம்பெனிகள் கண்டுக்கறதில்ல. நாளைக்கே கண்டுக்கலாம்.”

சட்டம் கறார்தான். மெட்டு கம்பெனி சொத்து. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மெட்டுப் போட்டவர்கள் மாதச் சம்பளத்துக்குப் போட்டார்கள். பலருடைய பெயர் திரையில் வரவே இல்லை, வந்தாலும் புனைபெயர்தான். 1991ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சங்கீதத்தில் பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா என்ற பெண்மணியுடையது. ஒஸாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்தவர், வீடியோ கேம் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார் என்று வீட்டாருக்கும் வாத்தியார்களுக்கும் வருத்தம். அந்த மிஷினை அடித்துத் துவைத்த கோடிக்கணக்கான கைகளுக்கு அவர் பெயர் தெரியாது. பெயரைத் தேடி எடுத்து, ‘மூலம்: இன்னார்’ என்று மரியாதையாகப் போடுகிற பழக்கத்தை ரசிகர்கள்தான் வளர்த்தார்கள்.

அதற்கு ஒரு பலனும் கிடைத்தது. 1999ல் தொடங்கிய ‘ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ்’ என்ற அமெரிக்க ரசிகர் கூட்டம், 2006ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் மெட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் செய்தது. அமைதி இசை இல்லை, அடிதடிதான். 2008ல் கேப்காம் அந்த விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, சங்கீதத்தை அந்த ரசிகர்களிடமே கொடுத்துவிட்டது. அடுத்தவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பையன்களை மிஷினுக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

*

“சரி, நான் கேட்டது யார் பண்ணினது? அந்த யானை நடை?”

பையன் கொஞ்சம் நெளிந்தான். “நான்தான் மாமா.”

அலமாரிக்குப் பின்னால் கிடார் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இவனுக்குக் கிடார் வாசிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. எல்லாம் ஹெட்போனுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

“நீ பொறக்கும்போது அந்தக் கடையே இல்லையேடா. உனக்கு எதுக்கு இந்தப் பாட்டு?”

திரையைக் காட்டினான். மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக வரிசைகள். “இதெல்லாம் டிக்கெட் மாமா. ஒவ்வொண்ணும் ஒரு கம்ப்ளெயின்ட். மேலேர்ந்து இறங்கிக்கிட்டே இருக்கும். வேகமா முடிச்சா, ‘இவன் வேகமா முடிக்கறான்’னு இன்னும் வேகமா அனுப்புவாங்க. காலைல ஆறு மணி வரைக்கும் இதான். ஒரு நாள் மேம்ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடிப் பாத்தேன். அட, இது நம்ம ஷிஃப்ட்டாச்சேன்னு தோணிச்சு. அந்த நாலு நோட்டையாவது மெதுவா நடக்க விடலாமேன்னு...”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈனோ மழையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை கடைசி வரை கேட்டேன். ஏழு நிமிஷம். நடுவில் யாரும் என் தோளை இடித்துத் தள்ளவில்லை. காசும் தீரவில்லை.

“எப்படி மாமா?”

“நல்லா இருக்குடா. ஆனா முடியற இடத்துல லேசா வேகம் எடுக்கலாம். கொஞ்சம்கூடப் பயம் இல்லேன்னா அது ஸ்பேஸ் இன்வேடர்ஸே இல்லையே?”

கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. திரையின் உச்சியில் புதிதாக மூன்று வரிசை முளைத்துக் கீழே இறங்க ஆரம்பித்தது.

“பயத்துக்குத்தான் ஆபீஸ் இருக்கே மாமா” என்று சொல்லிவிட்டுப் பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.